இ.பி.எஸ். 95-ல் மாதம் 1,000 முதல் 4,000 வரைதான்: விலைவாசியை எப்படித் தாக்குப்பிடிப்பது?

#1 நூற்பாலை_வாசல்
மில், தோல் கம்பெனி, கூட்டுறவுச் சங்கம், தனியார் பஸ் கம்பெனி என்று உழைத்து ஓய்வு பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு மாத வருமானம் வருங்கால வைப்பு நிதி அலுவலகம் தரும் இ.பி.எஸ். 95 பென்ஷன் மட்டும்தான். அரசு ஊழியருக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படி ஏறும். நமக்கு அது கிடையாது. உத்தரவில் எழுதிய தொகைதான் கடைசிவரை. பருப்பும் மாத்திரையும் மட்டும் ஏறிக்கொண்டே போகின்றன.

சிக்கனமாக இருங்கள், நடைப்பயிற்சி போங்கள் என்ற உபதேசம் இந்த இழையில் வேண்டாம். பணம் எங்கே நிற்கிறது, எங்கே ஒழுகுகிறது, எந்தச் செலவை அரசுத் திட்டத்தின் மேல் தள்ளலாம் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 பேரேடு
முதல் வேலை, வருகிற தொகை சரியா என்று பார்ப்பது. பலரும் பி.பி.ஓ. தாளை (பென்ஷன் வழங்கும் உத்தரவு) வாங்கி மடித்து வைத்ததோடு சரி, கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

சூத்திரம் எளிது. பென்ஷனுக்கான சம்பளம் × பென்ஷனுக்கான சேவை ஆண்டுகள் ÷ 70. இதில் சம்பளம் என்பது கையில் வாங்கியதல்ல, உச்சவரம்புக்கு உட்பட்டது. வரம்பு 1995 நவம்பர் 16-ல் திட்டம் தொடங்கியபோது 5,000. 2001 ஜூனில் 6,500 ஆனது, 2014 செப்டம்பர் 1-ல் 15,000 ஆனது. அந்த 2014 தேதிக்குப் பின் ஓய்வு பெற்றவருக்குக் கணக்கை இரண்டாக உடைப்பார்கள்.

உதாரணம்: 1996 செப்டம்பரில் சேர்ந்து 2024 ஆகஸ்ட் முடிவில் 58 வயதில் ஓய்வு, சம்பளம் எப்போதும் வரம்பைத் தொட்டே இருந்தது என்று வையுங்கள்.
2014 ஆகஸ்ட் வரை 18 ஆண்டு: 6,500 × 18 ÷ 70 = 1,671
அதன்பின் 10 ஆண்டு: 15,000 × 10 ÷ 70 = 2,143
மொத்தம் 3,814 ரூபாய்.

இது 2 ஆண்டு போனஸ் சேர்க்காத தொகை. 20 ஆண்டு சேவையை முடித்து 58-ல் ஓய்வு பெறுபவருக்குச் சேவையோடு 2 ஆண்டு கூட்ட வேண்டும். 1995-க்கு முன்பே 1971 குடும்ப ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தவருக்கு அந்தப் பழைய சேவைக்குத் தனித் தொகையும் உண்டு.

குறைந்து வந்தால் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். பழைய கம்பெனியின் கணக்கு எண் புதியதோடு இணையாமல் அந்தச் சேவை விடுபட்டிருக்கும். ஊதியமில்லா நாட்கள் அதிகமாகப் பதிவாகியிருக்கும். லே-ஆஃப், கதவடைப்புக் காலங்களில் இது நடக்கும். அல்லது போனஸ் ஆண்டுகள் சேர்ந்திருக்காது. மூன்றுக்கும் மனு கொடுக்கலாம். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பழைய பி.எஃப். வருடாந்தரச் சீட்டு என்று எது இருந்தாலும் நகல் வையுங்கள்.

#3 கோணி_ஊசி
இருபத்தெட்டு வருஷம் உழைத்ததற்கு 3,814 என்று கணக்குப் போட்டுக் காட்டுவதே பெரிய கொடுமை. சரி, போகட்டும். வாட்ஸ்அப்பில் "குறைந்தபட்சம் 7,500 ஆகிவிட்டது" என்று மாதம் ஒருமுறை வருகிறதே, அது என்ன சார்?

#4 பேரேடு
7,500-ம் அதோடு அகவிலைப்படியும் என்பது ஓய்வூதியர் அமைப்புகளின் கோரிக்கை. கோரிக்கையை யாரோ செய்தியாக்கிச் சுற்றவிடுகிறார்கள். 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1,000 என்று வந்ததே அரசிதழ் அறிவிக்கையோடு வந்ததுதான். அரசிதழ் இல்லாமல் வருகிற எதையும் நம்பி வட்டிக்கு வாங்கிவிடாதீர்கள்.

இன்னொன்று. 2008 செப்டம்பர் 25-க்கு முன் பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கை விற்று மொத்தமாகப் பணம் வாங்கியவர்கள் உண்டு. பிடித்தம் தொடங்கி 15 ஆண்டு முடிந்ததும் முழு பென்ஷனைத் திருப்பித் தர வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் அறிவிக்கை வந்தது. தானாக ஏறியிருக்க வேண்டும். பாஸ்புக்கில் ஏறாவிட்டால் பி.பி.ஓ. நகலோடு எழுதிக் கொடுங்கள்; ஏற வேண்டிய மாதத்திலிருந்து நிலுவையையும் சேர்த்துக் கேளுங்கள்.

#5 பொதுச்சேவை_மேசை
என் கவலை வேறு. சரியான தொகை வருபவர்களுக்கே திடீரென்று நின்றுபோகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு உயிர்வாழ் சான்றுதான் காரணம்.

இ.பி.எஸ். காரர்கள் நவம்பரில்தான் கொடுக்க வேண்டும் என்பது பழைய நினைப்பு. இவர்களுக்கு எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும். நவம்பர் கூட்டத்தில் போய் நிற்காமல், மழையும் வெயிலும் இல்லாத மாதமாகப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். தேதி மறக்காதிருக்கக் காலண்டரில் குறியுங்கள், பாஸ்புக் அட்டையிலும் எழுதுங்கள்.

ஆண்ட்ராய்டு போனில் முகம் காட்டிச் செய்யும் முறை:

முகத்தைச் சரிபார்க்கும் ஆதார் ஃபேஸ் ஆர்.டி. செயலி, உயிர்வாழ் சான்று உருவாக்கும் ஜீவன் பிரமான் செயலி இரண்டும் வேண்டும். முதலில் போன் வைத்திருப்பவர் (மகனோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ) தன் ஆதாரையும் முகத்தையும் வைத்து இயக்குபவராகப் பதிவு செய்ய வேண்டும். ஒருமுறை செய்தால் போதும். அடுத்து ஓய்வூதியரின் ஆதார் எண், மொபைல், ஓ.டி.பி. பிறகு வரும் பக்கத்தில்தான் எல்லாம் கெடுகிறது.

"அனுமதித்த அதிகாரி" என்ற இடத்தில் வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிலர் மாநில அரசு என்று அழுத்திவிடுகிறார்கள். சான்று உருவாகிவிடும், ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. பி.பி.ஓ. எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் அதே கதி. "மறுமணம் செய்தவரா", "மறுவேலையில் இருக்கிறாரா" என்ற கேள்விகளை அவசரத்தில் ஆம் என்று தட்டிவிட்டால் விதவை பென்ஷனே சிக்கலாகும்.

முகம் பதியாவிட்டால்: வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்கக் கூடாது, முகத்தில் விழ வேண்டும். கண்ணாடியைக் கழற்றுங்கள். பின்னால் வெற்றுச் சுவர் இருக்கட்டும். கண்ணைச் சிமிட்டச் சொல்லும், மெதுவாகச் சிமிட்டினால் போதும். கண்புரை அறுவை முடிந்த கையோடு முயல வேண்டாம்.

குறுஞ்செய்தியில் பிரமான் எண் (சான்றின் எண்) வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அது சான்று உருவானதற்கு மட்டும் அடையாளம். ஏற்றார்களா நிராகரித்தார்களா என்று சில நாள் கழித்து ஜீவன் பிரமான் தளத்தில் அதே எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும்.

#6 கோணி_ஊசி
போனே இல்லாதவர்?

#7 பொதுச்சேவை_மேசை
வங்கி, பொதுச் சேவை மையம், தபால் அலுவலகம் மூன்றிலும் செய்யலாம். நடமாட முடியாதவருக்குத் தபால்காரர் வீட்டுக்கே கருவியோடு வருவார், தபால் அலுவலகத்தில் சொல்லி வைத்தால் போதும். விரல் ரேகை தேய்ந்தவர் (தறி, சலவை, கட்டட வேலை பார்த்தவர்கள் பலர்) "ரேகை விழவில்லை" என்று திரும்பிப் போக வேண்டாம், முகத்தை வைத்துச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

நின்றுபோனாலும் பயப்பட வேண்டாம். சான்று ஏறியதும் நின்ற மாதங்களின் நிலுவையும் சேர்ந்து வரும். ஆனால் அந்த இடைவெளியில் கந்துவட்டிக்காரரிடம் வாங்கிய கடன் நிலுவையோடு போய்விடாதே, அதுதான் பிரச்சினை.

"உயிர்வாழ் சான்றைப் புதுப்பிக்கிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். எந்த அலுவலகமும் போனில் ஓ.டி.பி. கேட்காது.

#8 டெல்லர்_கூண்டு
வங்கிப் பக்கம் ஒழுகுவதைச் சொல்கிறேன். 1,000 ரூபாய் பென்ஷன்காரருக்கு ஏ.டி.எம். அட்டை ஆண்டுக் கட்டணம், குறுஞ்செய்திக் கட்டணம், சில வங்கிகளில் குறைந்தபட்ச இருப்பு அபராதம், எல்லாவற்றுக்கும் மேல் ஜி.எஸ்.டி. ஒரு வருடப் பாஸ்புக்கைப் பதித்து, பற்றுப் பத்தியை மட்டும் விரல் வைத்துப் படியுங்கள்.

தீர்வு: அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றக் கேளுங்கள். இருப்பு நிபந்தனை இல்லை, அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் இல்லை, மாதம் நான்கு முறை இலவசமாக எடுக்கலாம். பென்ஷன்காரருக்கு நான்கு முறையே அதிகம். நிபந்தனை ஒன்றுதான்: அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது. கவுன்டரில் "அது ஜன்தன் காரர்களுக்கு மட்டும்" என்பார்கள். தவறு, யாருக்கும் உண்டு. எழுத்தில் கேளுங்கள்.

20 ரூபாய் விபத்துக் காப்பீட்டுப் பிடித்தம் இருந்தால் விட்டுவிடுங்கள், 70 வயது வரை 2 லட்சம் பாதுகாப்பு, அது லாபம்தான். அதற்கு மேல் ஆயிரக்கணக்கில் "முதலீட்டுக் காப்பீடு" பிரீமியம் ஓடிக்கொண்டிருந்தால் யாரோ பென்ஷன்காரர் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். பாலிசி கையில் கிடைத்து 30 நாளுக்குள் என்றால் திருப்பித் தரலாம்.

இன்னொரு வசதி பலருக்குத் தெரியவில்லை. 2025 ஜனவரியிலிருந்து மையப் பட்டுவாடா முறை வந்துவிட்டது. மகன் வீட்டுக்கு ஊர் மாறினால் பி.பி.ஓ.வை ஆபீஸ் விட்டு ஆபீஸ் மாற்றும் பழைய அலைச்சல் இல்லை, எந்த வங்கியின் எந்தக் கிளையிலும் வாங்கலாம்.

#9 நூற்பாலை_வாசல்
நன்றி. ஒரு சந்தேகம். இ.பி.எஸ்.ஸில் 1,000 வாங்குபவர் தாலுகா ஆபீஸ் முதியோர் பென்ஷனுக்கும் மனு போடலாமா? தமிழ்நாட்டில் அதை 2023 ஆகஸ்டில் 1,200 ஆக்கினார்களே. அதுவே இதைவிடக் கூட!

#10 பொதுச்சேவை_மேசை
போடக் கூடாதுங்க. அது ஆதரவற்றோருக்கானது. வேறு ஓய்வூதியம் வருவது ஆதார் வழியே தெரிந்துவிடும். கிராம நிர்வாக அலுவலர் விசாரணையில் தப்பினாலும் பின்னால் நிறுத்துவார்கள். அந்த 1,200-ல் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை வெறும் 200 ரூபாய், 80 ஆனால் 500. மீதி மாநிலம் போடுவது.

#11 நீல_அட்டை
பென்ஷன் குறைவு என்பதைவிட மாத்திரைச் செலவு அதிகம் என்பதே உண்மையான வலி. 2,000 வாங்கி 1,400-க்கு மருந்து வாங்கும் வீடுகள் எத்தனை! மருந்தகத் துறையில் இருப்பவன் என்ற முறையில் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் தொற்றா நோய்ப் பிரிவு இருக்கிறது. மாத்திரை இலவசம், பதிவுப் புத்தகம் தருவார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் சேர்த்தால் வீட்டுக்கே வரும். சேர்க்க அந்தப் பகுதித் துணை சுகாதார நிலையத்துக்குப் பழைய சீட்டோடு போனால் போதும்.

இங்கே நடக்கும் தவறு ஆபத்தானது. தனியார் டாக்டர் எழுதுவது பெரும்பாலும் கூட்டு மாத்திரை. மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் ஒரே வில்லையில் இருக்கும். அரசு மருந்தகத்தில் இரண்டும் தனித்தனியாகத் தருவார்கள். வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த பழைய கூட்டு மாத்திரையையும் சேர்த்துப் போட்டால் அளவு இரட்டிப்பாகி, சர்க்கரை தாழ்ந்து விடியற்காலையில் மயங்கி விழுவார்கள். மாறும் நாளில் பழைய அட்டைகளை வீட்டை விட்டே அகற்றுங்கள்.

மெதுவாகக் கரையும் வகை மெட்ஃபார்மினும் சாதா வகையும் ஒன்றல்ல. மெதுவாகக் கரைவதை உடைத்தோ பொடித்தோ விழுங்கக் கூடாது. 1,000 மில்லிகிராம் எழுதியிருக்க 500 கிடைத்தால் எத்தனை போட வேண்டும் என்பதை மருந்தாளுநரிடம் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

அரசில் கிடைக்காததற்கு மலிவு விலைக் கடைகளான முதல்வர் மருந்தகம், ஜன் அவுஷதி. முன்னதை 2025 பிப்ரவரியில் 1,000 கடைகளோடு தொடங்கினார்கள். டாக்டரிடம் கம்பெனிப் பெயருக்குப் பதில் மருந்தின் மூலப்பெயரை எழுதச் சொல்லுங்கள்: அம்லோடிபின் 5, அட்டோர்வாஸ்டாட்டின் 10 என்பதுபோல. அப்போதுதான் அங்கே ஒப்பிட்டு வாங்க முடியும்.

இரண்டு வகைகளை மட்டும் விலை பார்த்து அடிக்கடி மாற்றாதீர்கள். தைராய்டுக்கான லெவோதைராக்சின், வலிப்பு மாத்திரை. கம்பெனி மாறினால் ரத்தத்தில் அளவு நகரலாம். மாற்றியே ஆக வேண்டும் என்றால் டாக்டருக்குத் தெரிந்து மாற்றுங்கள். தைராய்டு என்றால் ஆறு வாரத்தில் ரத்தம் பாருங்கள்.

#12 கோணி_ஊசி
அரசு மாத்திரை கேட்காது என்று சொல்கிறார்களே ஐயா?

#13 நீல_அட்டை
மேலே சொன்ன தைராய்டு, வலிப்பு மாத்திரைகளைத் தவிர, மூலப்பெயரும் அளவும் ஒன்றென்றால் வேலையும் ஒன்று. "கேட்கவில்லை" என்று வருபவர்களில் பாதிப்பேருக்கு அளவு மாறியிருக்கும். மீதிப்பேர் விலை மலிவு என்பதால் இரண்டு வேளையை விட்டிருப்பார்கள். மாறிய பிறகு இரண்டு வாரம் ரத்த அழுத்தத்தைக் குறித்து வையுங்கள், சண்டைக்கு அவசியமே இல்லை.

படுக்கை சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். மாதம் 4,000 பென்ஷன் என்றாலும் ஆண்டுக்கு 48,000தான், ஆனால் ஒரே ரேஷன் அட்டையில் மகன் சம்பளமும் இருந்தால் அதுவும் கணக்கில் வரும். வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையம். வெளிநோயாளி மாத்திரைக்கு இது உதவாது. மருத்துவமனை பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, அந்தக் குறிப்பிட்ட சிகிச்சைக்கு அங்கே அனுமதி இருக்கிறதா என்று காப்பீட்டு மேசையில் கேட்டுவிட்டுச் சேருங்கள். பணம் கட்டிச் சேர்ந்தபின் அட்டையை நீட்டினால் திருப்பி வாங்குவது குதிரைக் கொம்பு.

#14 டெல்லர்_கூண்டு
பி.எஃப். மொத்தத் தொகையில் ஏதாவது மிஞ்சியிருப்பவர்களுக்கு: தபால் நிலைய மூத்த குடிமக்கள் சேமிப்பு 8.2 சதவீதம். 1 லட்சம் போட்டால் காலாண்டுக்கு 2,050 ரூபாய். வட்டி விகிதத்தை அரசு காலாண்டுக்கு ஒருமுறை பார்க்கும், ஆனால் நீங்கள் போட்ட நாளின் விகிதம் ஐந்து ஆண்டும் மாறாது. எடுக்காமல் விட்ட வட்டிக்கு வட்டி கிடையாது. அதனால் அதே தபால் நிலையத்தில் சேமிப்புக் கணக்குத் தொடங்கி, தானாக வரவு வைக்கச் சொல்லுங்கள்.

முழுவதையும் ஒரே கணக்காகப் போடுவதுதான் பெரிய பிழை. 3 லட்சம் என்றால் மூன்று கணக்காகப் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம். ஓர் ஆண்டுக்குள் உடைத்தால் வாங்கிய வட்டியைப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டாம் ஆண்டில் 1.5 சதவீதம், அதன்பின் 1 சதவீதம் அசலில் போகும்.

நூற்றுக்கு மாதம் 2, 3 வட்டி தருகிறேன் என்று வருபவரிடம் இந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

#15 மஞ்சள்_பை
சின்னச் சின்னவை, வேகமாக.

மின்சாரம்: இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் எல்லோருக்கும். 500-ஐத் தாண்டினால் கீழ் அடுக்குகளுக்கான சலுகை விலையும் போய்விடும், அதனால் 505-க்கும் 495-க்கும் பில்லில் உள்ள வித்தியாசம் பத்து யூனிட் காசு அல்ல. கணக்கெடுக்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்பு மீட்டரைப் பாருங்கள். கணக்கெடுப்பவர் நாள் தள்ளி வந்து அதனால் அடுக்கு மாறினால் புகார் கொடுங்கள்.

ரேஷன்: தனியாக வாழும் முதியவர்களுக்கு 2025 ஆகஸ்டில் வந்த தாயுமானவர் திட்டத்தில் பொருள் வீட்டுக்கே வரும் (தொடங்கியபோது வயது வரம்பு 70). திட்டத்துக்கான வயது ஆகாதவர், ஆனால் நடக்க முடியாதவர் என்றால் வேறொருவர் வாங்க அங்கீகாரப் படிவம் கடையில் இருக்கிறது.

பஸ்: சென்னையில் 60 கடந்தவருக்கு மாதம் 10 இலவச டோக்கன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பணிமனையில் வாங்க வேண்டும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தே இலவசம், எனவே டோக்கன் ஆண்களுக்குத்தான் அதிகம் உதவும். ரயில் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், அதை நம்பிப் பயணம் போட வேண்டாம்.

#16 நூற்பாலை_வாசல்
பென்ஷன்காரர் இறந்தால் மனைவிக்கு எவ்வளவு, எப்படி? அதையும் யாராவது எழுதுங்கள். சங்கத்தில் அதிகம் வருகிற கேள்வி அதுதான்.

#17 பேரேடு
கணவர் வாங்கியதில் பாதி, குறைந்தபட்சம் 1,000. 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால் அதிகபட்சம் இருவருக்கு, விதவை பென்ஷனில் கால் பங்கு வீதம் தனியாக. வேண்டியவை: 10 டி படிவம் (பென்ஷன் விண்ணப்பம்), இறப்புச் சான்று, பி.பி.ஓ. நகல், மனைவியின் ஆதார், வங்கிப் புத்தகம். இறப்புக்குப் பின் கணக்கில் விழுந்த பென்ஷனை ஏ.டி.எம். அட்டை வைத்து எடுத்துவிடாதீர்கள். திரும்பப் பிடிப்பார்கள், அதோடு மனைவியின் விண்ணப்பமும் அது தீரும்வரை நிற்கும்.

நம் ஊரில் தாமதத்துக்கு முக்கியக் காரணம் மனைவி பெயரின் இனிஷியல். பி.பி.ஓ.வில் கணவர் பெயரின் எழுத்து, ஆதாரில் அப்பா பெயரின் எழுத்து, வங்கியில் இனிஷியலே இல்லாமல் வெறும் "லட்சுமி". மூன்றும் ஒரே ஆள் என்று அவர் இறந்தபின் நிரூபிக்க மாதக்கணக்கில் அலைய வேண்டும். இருவரும் இருக்கும்போதே பி.பி.ஓ.வை எடுத்து, மனைவி பெயர், பிறந்த தேதி இரண்டையும் ஆதாரோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் ஆதாரை மாற்றுவதா பி.பி.ஓ.வைத் திருத்துவதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். வங்கி, ரேஷன், காப்பீடு எல்லாம் ஆதாரைப் பார்ப்பதால் பி.பி.ஓ.வைத் திருத்துவதே மேல். திருத்த மனுவோடு திருமணச் சான்று, அது இல்லாவிட்டால் இருவர் பெயரும் உள்ள ரேஷன் அட்டை நகலை வையுங்கள்.

மாதந்தோறும் 27-ஆம் தேதி ஒவ்வொரு மாவட்டத்திலும் பி.எஃப். அலுவலகம் "நிதி ஆப்கே நிகட்" என்ற குறைதீர் முகாம் நடத்துகிறது. மனுவை அங்கே நேரில் கொடுத்து, பெற்றதற்குத் தேதி முத்திரை வாங்குங்கள்.

#18 கோணி_ஊசி
27 ஞாயிற்றுக்கிழமை வந்தால்?

#19 பேரேடு
அடுத்த வேலை நாளில் நடக்கும். இடம் மாதாமாதம் மாறலாம், கிளம்பும் முன் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.